மோட்டார் இன்று ஆகாது

எரிந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில், மோட்டாரைவிட அதைக் கொண்டுவந்தவர்தான் அதிகம் சூடாக இருப்பார். கடை நடத்துகிறவராக இருந்தால் நீங்களும் பட்டிருப்பீர்கள். செஞ்சி பஜாரில் இருக்கும் எங்கள் கடையில் வேலை பார்ப்பது என் வீட்டுக்காரர்; வசவு வாங்குவது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கிணற்று மோட்டார் ஓடாத ஒவ்வொரு நாளும் கொல்லைக்காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி வாடுகிறது. பஸ் பிடித்து வந்து, "இன்னும் ஆகலை" என்று கேட்டுத் திரும்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால்தான் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தோம். கஷ்டம் அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

குட்டியானையோடு வந்தவர்

சிங்கவரத்துப் பெரியவர் ஒருவருக்கு, 'மோட்டார் இன்று ஆகாது, நாளை வரவும்' என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் வாடகைக்குப் பிடித்த குட்டியானை லோடு வண்டியோடு கடை வாசலில் நிற்கிறார். வண்டி வாடகை வீணாயிற்றே என்று கல்லாவை விட்டு எழுந்து வந்தேன். "மெசேஜ் பாக்கலையா நைனா?" என்றேன். போனை என்னிடமே நீட்டினார்.

"எனக்கு இன்னா படிக்கவா தெரியும்? டிங்குனுச்சு, பாத்தா உன் கடை மோட்டார் படம். ரெடின்னு வண்டியக் கூட்டிக்கினு வந்துட்டேன்."

எல்லாருக்கும் ரெடி

ஒருவருக்கு அனுப்ப வேண்டிய 'உங்கள் மோட்டார் ரெடி'யை, அவசரத்தில் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் தட்டிவிட்டேன். போன் ஓயவில்லை. ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பழைய வாடிக்கையாளர்; இப்போது எங்களிடம் மோட்டாரே கொடுக்காதவர். தன் மோட்டாரை யாரோ கழற்றித் திருடி எங்கள் கடையில் கொடுத்துவிட்டான் என்று பதறி, முதலில் கொல்லைக்கு ஓடியிருக்கிறார். மூச்சு வாங்க நின்றவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"என்னுது ஓடிக்கினுதான் இருக்குது. இவ்ளோ தூரம் வந்துட்டேன், அந்த ரெடியான மோட்டாரயாவது காட்டும்மா."

ஆகாது

படிக்கத் தெரியாதவர்களுக்கு இப்போது குரலில் பேசி அனுப்புகிறேன். அவலூர்பேட்டைப் பக்கம் ஓர் அக்கா, தனி ஆளாக விவசாயம் பார்ப்பவர். மல்லாட்டை பூத்து, மண்ணுக்குள் விழுது இறங்கத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரத்தில் அவருடைய மோட்டார் எரிந்துவிட்டது. பிரித்தால் உள்ளே மொத்தமும் கரி. சாமான் வரவே நாளாகும்.

"இப்பவே சொல்லாத, அயுதுடும். நேர்ல வரட்டும்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, இந்த வாரம் ஆகாது. எங்கள நம்பி இருக்காதீங்க, தண்ணிக்கு வேற வழி பாருங்க" என்று பேசி அனுப்பிவிட்டேன். கேட்டுவிட்டார் என்று நீல டிக் காட்டியது. இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னைக் கடிந்துகொண்டே காயில் சுற்றினார்.

மோட்டார் தயாரானதும் வந்தார். செடி எப்படி இருக்கிறது என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஆகாதுன்னியே, அன்னிக்கேதான் வருசக் கணக்கா பேசாத கொயுந்தன் கிட்டப் போய் நின்னேன். 'இன்னா அண்ணி, இத்தினி நாளா கேக்கல?'ன்னு சொல்லி, அவன் கெணத்துப் பைப்ப என் கொல்லைக்குத் திருப்பி வுட்டுட்டான்."

மோட்டார் கட்டிக் கொடுத்து நாங்கள் வாங்கிய பேரைவிட, கட்ட முடியாது என்று நேரத்தோடு சொல்லி வாங்கிய பேர்தான் அதிகம் என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.