அத்தை தேர்ந்தெடுத்த கேஸ்கட்

என் மெக்கானிக் அத்தை முறைத்தால் எரிமலையே ஒழுகுவதை நிறுத்திவிடும். பைக் இன்ஜின் எம்மாத்திரம்! ரொட்டி விற்பவரின் கிழட்டு பைக், இரண்டு கடைகளில் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகட்டை, மாற்றியும் எண்ணெய் ஒழுகியது. அது ஓடாவிட்டால் அவருக்குப் பிழைப்பில்லை.

“பளபளன்னு செம்புலயே போடுங்கக்கா” என்றார்.

அத்தை ஹெட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, அடியில் கசிந்த வெளிச்சத்தைக் காட்டினாள்.

“வளைஞ்சிருக்குண்ணே. செம்பு விறைப்பா நிக்கும். இந்தத் தடிச்ச நாரு கேஸ்கட்தான் அமுங்கிக் கொடுக்கும்.”

சிலிண்டர் விளிம்பில் பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் புதியதும் ஒழுகும். சுரண்டக் குனிந்தவள் தடவிப் பார்த்தாள், ஏற்கெனவே வழவழவென்றிருந்தது. நாரு கேஸ்கட்டை மாட்டி முடித்தாள். ஒரு சொட்டுகூட ஒழுகாத பைக்கில் ரொட்டிக்காரர் கிளம்பினார்.

“யாருடா சுரண்டி வெச்சது?” என்று அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“எலியா இருக்கும் அத்தை.”

“அந்த எலி உன் சட்டையிலயாடா கையைத் தொடைச்சுது?”