பாலியஸ்டர் சட்டையும் பழைய கம்ப்யூட்டரும்

என் கேம் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. வாங்கி வைத்த புதுக் கிராபிக்ஸ் கார்டைப் போடுவதா, தலைமுழுகுவதா என்று யோசித்தபடி மூடியைத் திறந்தேன். என் சட்டை சடசடத்தது. கையில் முடி நட்டுக்கொண்டு நின்றது. சின்ன வயதில் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் அது. சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் டிசைன் போட்டுக் களைத்த கம்ப்யூட்டரை அக்கா வாங்கி வந்தாள். அதில் கார் ரேஸ் நகரவே இல்லை.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். "மெமரி பத்தலலே. புதுசு போட்டா பறக்கும். பழைய போர்டு தாங்கலேன்னா மொத்தமும் போயிரும். போடவா?"

"போடுங்கண்ணே. எனக்கும் மெமரி பத்தலன்னுதான் வாத்தியார் வெரட்டிட்டாரு."

அந்நேரம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த அம்மா, அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"பாலியஸ்டர் சட்டையோட உள்ள கைய விடாதீக தம்பி. உரசுனா பொறி வரும். மருந்து ரூமுக்கு நாங்க பருத்தியத்தான் உடுத்துவோம். செம்புத் தகட்டத் தொட்டு மேல இருக்க கரண்ட எறக்கிட்டுத்தான் நுழைவோம்."

"யக்கா, இது வெடிக்காது."

"எதுவா இருந்தா என்ன? கழத்துங்க."

பனியனோடு நின்ற அண்ணன் அடுப்படியிலிருந்த செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு வந்தார். நான் சிரித்தேன்.

"சிரிக்காதலே. கோர்ஸ்லயும் இதத்தான் சொன்னாக, பொறி பட்டா போர்டு செத்துரும்னு. நாந்தான் மறந்துட்டேன்."

"உங்களுக்கும் மெமரி பத்தலயாண்ணே?"

மெமரியைச் செருகினார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. நான் கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது. "தள்ளுலே" என்று அம்மா உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு நேரம்வரை எழவில்லை.

இப்போது நானும் பாலியஸ்டர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அங்கே இருந்தது பிளாஸ்டிக் குடம். இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து, புதுக் கார்டைப் பிரித்தேன்.