மாப்பிள்ளை விருந்தும் மூன்றில் ஒரு பங்கும்

பேரூராட்சிக் கோப்பில் கமருன்னிஸா, 'பயனாளி, இல்லத்தரசி, கணவரைச் சார்ந்தவர்'. சார்ந்திருக்கத் தோதாகக் கணவர் பக்கத்தில் இல்லை. சவூதியின் தமாமில் கடை வைத்திருக்கும் யூனுஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, தம் வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பேராவூரணித் தோப்புக்குக் குத்தகை பேசுவது, கொத்தனாரை விரட்டுவது எல்லாம் சார்ந்தவரின் வேலை.

கமருன்னிஸா முருங்கைக்காய்க்காரரிடம் ஒரு ரூபாய்க்குக் கால் மணி நேரம் வாதாடுவார். ஜெயித்ததும் அதே ரூபாயை, "வச்சுக்குங்க" என்று அவரிடமே நீட்டுவார். எஸ்.டி.டி. பூத்தில் கத்தித்தான் பேசுவார். சவூதி தூரம் என்பது அவர் நியாயம்.

வளைகுடாப் பணத்தில் வீடுகள் மாடி ஏறின; தெரு மட்டும் கீழேயே கிடந்தது. ஐப்பசி மழையில் சாக்கடையைத் தாண்ட வாசலுக்கு வாசல் பலகை போட்டார்கள். 1998இல் ஒரு திட்டம் வந்தது. சிமென்ட் சாலைக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தெருவாசிகள் கட்டினால் மீதியை அரசு போடும். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வேறு தெருவுக்குப் போய்விடும். பேரூராட்சி, முறைப்படி, வெளிநாட்டிலிருந்த ஆண்களுக்குக் கடிதம் எழுதியது. ஆண்களும், முறைப்படி, ஊருக்கு வந்ததும் பார்ப்பதாகப் பதில் போட்டார்கள்.

செயல் அலுவலர் தியாகராசன் பேண்ட்டை மடித்துக்கொண்டு நேரில் வந்தார்.

"ஓனருங்க யாரும் இல்லையாம்மா?"

"ஓனருதான் சார் பேசுறேன்."

"இல்லம்மா, ஆம்பளைங்க..."

"அவங்கள்லாம் கல்யாணம் கட்டி இங்க குடிவந்தவங்க சார். வீட்டு வரி ரசீதப் பாருங்க."

உண்மைதான். அந்தத் தெருவில் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்வார்.

"அப்ப நீங்களே கட்டிருவீங்களா?"

"ஆபீசத் தொறந்து வைங்க, வர்றோம்."

சொல்லியாயிற்று. பெண்கள் கையில் இருந்த ஒரே பெருந்தொகை மாப்பிள்ளை விருந்துக்கானது. புது மாப்பிள்ளைக்கு வாரக்கணக்கில். பழைய மாப்பிள்ளைக்குப் பெருநாள்தோறும். இந்த வருடம் எந்த வீட்டிலும் அது வேண்டாம் என்றார் கமருன்னிஸா. பக்கத்து வீட்டு தஹ்மீனா சிரித்துவிட்டார்.

"பெருநாள் கழிச்சு ஒங்க மக ஷிஃபாவுக்குத்தானே கல்யாணம்? மொதல்ல நீங்க நிறுத்துங்க லாத்தா, பாப்போம்."

அன்றே கமருன்னிஸா பூத்துக்குப் போனார். யூனுஸ் பதறினார். "கஞ்சக் குடும்பம்னு சொல்லுவாங்க புள்ள. சம்பந்தமே முறிஞ்சிரும்."

"பிரியாணியப் போட்டு சாக்கடையில நடக்க விடுறதுக்கு, பட்டினியா இருந்தாலும் காஞ்ச கால்ல வரட்டும் மச்சான்!"

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. மறைக்கும் எண்ணம் அவருக்கும் இல்லை. நேரே மாப்பிள்ளையின் தாயார் வீட்டுக்குப் போய், இதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாள் வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். சம்பந்தம் போயிற்று என்றே கமருன்னிஸா நினைத்தார்.

"எங்க தெருவுக்கும் இப்புடிக் கட்டலாமா?" என்றார் அந்த அம்மாள்.

கமருன்னிஸா வீடு திரும்புமுன்பே செய்தி எட்டி, தஹ்மீனா தன் பங்கோடு வாசலில் நின்றிருந்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கார் புதுச் சிமென்ட் சாலையில் வாசல்வரை வழுக்கிக்கொண்டு வந்தது. ஊருக்கு வந்திருந்த யூனுஸ், சாலையைத் தாமே போட்டவர்போல் எல்லோரையும் வரவேற்றார். தெருமுனைக் கல்வெட்டில் முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர், திறந்துவைத்தவர் பெயர்கள் இருக்கின்றன. மகளின் மாப்பிள்ளை விருந்தை நிறுத்தி, தெருவின் பங்கைத் திரட்டி, கெடுவுக்கு முந்தின நாள் அலுவலகத்தில் கட்டியவர் கமருன்னிஸா.