கண் வைக்காத மீன்கள்

கனகாம்பாள் டீச்சரை நல்லவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் அறையில் அவளுக்கு அடுத்த மேஜை என்னுடையது. அட்டைத் துண்டுகளும் பசையும் என் சரித்திரப் புத்தகங்கள் மேலேயே கிடக்கும். எடுக்கச் சொன்னால் முறைப்பாள். புருஷன் ஆலுவாவுக்கு வியாபாரம் பார்க்கப் போனவன், போனவன்தான். மூன்று பெண் குழந்தைகள். கொச்சி மட்டாஞ்சேரியில் நம்மவர்கள் நடத்திய அந்தப் பள்ளியில் தாற்காலிக ஓவிய ஆசிரியை. 1958-இல் ஆண்டு விழா முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாக மானேஜர் விஸ்வேஸ்வரன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைத்தாள்.

மற்றவர்கள் பூவும் குடமும் வரையச் சொல்லிக்கொடுப்பார்கள். இவள் சதுர அட்டை ஒன்றைக் கொடுத்து, இடப்பக்கம் ஒரு துண்டு வெட்டச் சொல்வாள். வெட்டியதைத் திருப்பாமல், அப்படியே நகர்த்தி வலப்பக்கம் ஒட்ட வேண்டும். மேலே வெட்டினால் கீழே ஒட்ட வேண்டும். பிறகு அந்த அட்டையை வைத்து வரைந்துகொண்டே போனால் இடைவெளி இல்லாமல் காகிதம் நிறைந்துவிடும். ஏழாம் வகுப்பு அம்மிணி முக்கோணமாக வெட்டினாள். வெட்டிய இடம் வாலின் பிளவாயிற்று; ஒட்டிய துண்டு மூக்காயிற்று. வகுப்பே கரிமீன் என்று கூவியது.

விழாவுக்காகப் பிரார்த்தனைக் கூடத்துச் சுவர் முழுக்க அதையே வரைந்தார்கள். ஒன்று நீலம், அடுத்தது மஞ்சள். நீலத்துக்கு மட்டும் கண் வைத்து முடித்திருந்தபோது மானேஜர் வந்துவிட்டார். வெங்காயம்கூடச் சேர்க்காத மனுஷர். முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன பள்ளிக்கூடமோ, மீன் சந்தையோ?"

"மச்சாவதாரத்தை மட்டும் கும்பிடறேளே" என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாது.

"நீலத்தையெல்லாம் வெள்ளையடிச்சு மாய்ச்சுக் களையணும், கேட்டேளா. விழாவுக்கு வெறுஞ்சுவர் நன்னாயிருக்காது, மஞ்சள் இருக்கட்டும்."

கண் இருந்தால்தான் அவருக்கு மீன். மற்றதெல்லாம் வெறும் பூச்சு. அவள் அவரையே பார்த்தாள். மஞ்சளில் பாக்கி வேலையை முடிக்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். அந்தப் பணிவைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. முடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவர் போனார்.

விழாவன்று தலைமை விருந்தினரோடு மானேஜர் கூடத்துக்குள் நுழைந்தார். வெள்ளைச் சுவரில் மஞ்சள் மீன்கள் வரிசையாக நின்று, கண்ணை உருட்டி அவரையே பார்த்தன. கரிமீன் ஜோராக இருக்கிறதே என்று விருந்தினர் சிரித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்காக இல்லை, அவர் முகத்துக்காக.

விருந்தினர் போனதும் மானேஜர் அவளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். இதையும் இப்போதே மாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நிரந்தர வேலைப் பேச்சே எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை.

"மாய்க்கலாம். ஆனா மஞ்சளுக்கு நடுவில வெள்ளையா நிக்கறதும் மீன்தான். அதை எதால மாய்ப்பேள்?"

தூரிகையை அவர் காலடியில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். மூன்று குழந்தைகளின் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிது. பிறகு பக்கத்துச் சுள்ளிக்கல்லில் வீட்டுக்கு வீடு டியூஷன் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவில்லை.

சுவர் முழுக்க வெள்ளையடித்தார்கள். ஓவிய வகுப்பு என் தலையில் விழுந்தது. கரும்பலகையில் குடம் ஒன்றை வரைந்து, பார்த்து வரையச் சொன்னேன். பிள்ளைகள் குடங்களை நெருக்கி நெருக்கி வரைந்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே, குடங்களுக்கு நடுவில் மிஞ்சிய இடத்துக்கெல்லாம் கண் வைத்தார்கள்.