நாகம்மாள் கெட்டித்த துப்பாக்கி

கிருஷ்ணப்பனுக்குச் செயற்கைத் தோள்மூட்டு வைத்த பெங்களூர் டாக்டர், இனித் துப்பாக்கியை மறந்துவிடச் சொன்னார். அது உதைக்கிற உதையில் மூட்டு கழன்றால் மறுபடி பொருத்துவது கஷ்டமாம். ஓசூர்த் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் மெஷினோடு காலமெல்லாம் மாரடித்துவிட்டு வந்த மனிதர், பெண்டாட்டி பேச்சையே காதில் வாங்காதவர், டாக்டர் பேச்சையா வாங்குவார்?

பாகலூர்ப் பக்கம் இருந்த ராகிக் கொல்லைக்குக் காவலாக, லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். வானத்தைப் பார்த்து வெடிக்கத்தான் அனுமதி. காட்டுப்பன்றியைக் கண்டால் அவருக்கு வானம் மறந்துபோகும்.

கையைத் தூக்கிக் குழலுக்குள் கம்பியால் வெடிமருந்து இடிக்க இப்போது அவரால் முடியவில்லை. நீ கெட்டித்துத் தராவிட்டால் பக்கத்துக் கொல்லை திம்மப்பன் தருவான் என்றார் மனைவியிடம். திம்மப்பன் மருந்தை அள்ளிக் கொட்டுகிற ஆள். நாகம்மாள் மருந்துப் பையை வாங்கினாள். பாதி மருந்துதான் போட்டாள். கம்பி குழலுக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அவர் விரல் வைத்துப் பார்ப்பாரே, அதற்காக மிச்ச இடத்தில் தேங்காய் நாரைத் திணித்தாள்.

வெடித்தார், தோள் நோகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து டாக்டரைக் கேலி செய்தார். நாகம்மாளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. நோகாத தைரியத்தில் அவர் பன்றிக்குக் கிட்டக் கிட்டப் போக ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அரை மருந்துக்குப் பன்றி சாகாது, அடிபட்டுத் திரும்பும். சொன்னால் திம்மப்பனிடம் போய்விடுவார், தோள் போகும். சொல்லாவிட்டால் ஆளே போகலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள்.

அன்று பொழுது சாயும்போது இருவரும் காவலுக்குப் போனார்கள், கொல்லைக்குள் ஒற்றைப் பன்றி நின்றது. சுட்டார். அது முட்டிபோட்டு விழுந்து, எழுந்து, ராகிக்குள் மறைந்தது. கண்மூடித் திறப்பதற்குள் துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

இடுப்பில் செருகியிருந்த மருந்துப் பையை அவிழ்த்து முழு அளவும் போட்டு இடித்தாள்.

"இது முழு மருந்து, மாமா. இத்தினி நாளும் பாதிதான் போட்டேன்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். திட்ட நேரமில்லை, ராகித் தட்டை விலகி விலகி அவர்களை நோக்கி வந்தது. துப்பாக்கிக் கட்டையை அந்தத் தோளிலேயே ஊன்றினார்.

பன்றி பத்தடி தள்ளி விழுந்தது. துப்பாக்கியும் விழுந்து கிடந்தது. வலது கை, தன்னுடையது அல்ல என்பதுபோல் தொங்க, கிருஷ்ணப்பன் வரப்பில் உட்கார்ந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது.

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் துப்பாக்கியையே தொட்டிருக்கமாட்டேன், நாகு."

அது மெய்யோ பொய்யோ, அவளுக்கு இனி எப்படித் தெரியும்?