முப்பத்தாறாவது கையெழுத்து

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. சுகந்தினி தன் வாயாலேயே இதை எனக்குச் சொன்னாள். ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். வன்னியில், ஏ9 வீதியோரத்து ஒரு சின்ன நகரம்.

நகரத்துக்குள் லொறிகள் நெரிகின்றன என்று ஒரு மாற்று வீதி போடத் தீர்மானித்தார்கள். எந்தக் காணியில் கடை, எதில் வீடு, எதில் வயல் என்று நிறம் பிரித்த வரைபடமும் வந்தது. வீதிக் கோடு சுகந்தினியின் வீட்டுக்கு நடுவால் போனது. இழப்பீடு தருவார்கள், மாற்றுக் காணியும் தருவார்கள். அவளுக்கு அது ஒன்றும் வேண்டாம். காணாமல் போன கணவன் யோகலிங்கம் என்றைக்காவது திரும்பி வந்தால், அவனுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான்.

2008 மார்கழியில் சண்டை நெருங்கி விசுவமடுவுக்கு இடம்பெயர்ந்த பிறகு, விட்டுவந்த நெல்மூட்டைகளை எடுக்க யோகலிங்கமும் அவனுடைய அண்ணன் சிற்றம்பலமும் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். சிற்றம்பலம் தனியாகத்தான் வந்தார். "அவனைப் பிடிச்சு ட்ரக்கிலை ஏத்தினதை என்ரை கண்ணாலை கண்டனான். உயிரோடைதான் இருக்கிறான்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சுகந்தினி இத்தனை வருடமும் மரணச் சான்றிதழ் எடுக்காமல் இருந்தாள்.

வீதிக் கதை வந்ததும் அவளை விடப் பதறியவர் சிற்றம்பலம்தான். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "காணி பெர்மிட் தம்பியின்ரை பேரிலை. அவன் கையெழுத்து வைக்காமல் காணியை ஒருத்தரும் தொடேலாது. நீ பயப்பிடாதை பிள்ளை."

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. பொதுநோக்கு மண்டபத்தில் பிற்பகல் 2.30க்குக் கூட்டம். சுகந்தினி கடைசி வரிசையில் இருந்தாள். இடது பக்கக் கதிரை காலி. மீள்குடியேறிய நாளிலிருந்து எந்தக் கூட்டம் என்றாலும் வரவுத்தாள் ஒன்று சுற்றிவரும். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசிப்பதில்லை. பேரை எழுது, கையெழுத்தை வை, அடுத்தவரிடம் கொடு... அவ்வளவுதான்.

2.47க்குக் கரண்ட் போனது. திரையில் வரைபடம் தெரிவதற்காக யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மண்டபம் இருண்டது.

கிறீச்... இடது பக்கக் கதிரையில் யாரோ வந்து இருந்தார்கள். ஈர மண் மணத்தது. மழை பெய்து மூன்று மாதம்.

"ஆரது?" என்றாள்.

சர்... சர்... தாளில் பேனை உரசும் சத்தம். மிக மெதுவாக.

தாள் அவள் மடிக்கு வந்தது. ஓரம் ஈரமாக இருந்தது.

பேனையைத் தந்த விரல்கள்... குளிர்ந்தன.

தடவித் தடவிக் கையெழுத்தை வைத்தாள்.

2.51. வெளிச்சம் வந்தது.

கதிரை காலி.

அதில் மண்...

இரண்டு கிழமை கழித்து, ஆட்சேபனைக் கடிதத்தோடு கந்தோருக்குப் போனாள். காணி உத்தியோகத்தர் ஜனகன் அன்றைய தாளை எடுத்து வைத்தான்.

"அக்கா, இது வரவுத்தாள் இல்லை, சம்மதத் தாள். தலைப்பை வாசிக்கேல்லையோ?"

"என்ரை கையெழுத்து செல்லாது தம்பி. பெர்மிட் அவரின்ரை பேரிலை. அவர் இல்லை."

"அப்ப இது ஆர்? உங்களுக்கு மேலை, முப்பத்தாறாவது. பெர்மிட் கோப்போடை ஒத்துப் பார்த்தனாங்கள். அச்சொட்டாய் இருக்கு."

பார்த்தாள். கடைசி எழுத்திலிருந்து பின்னுக்கு இழுத்த கோடு. அவன் கைதான். இது அவருடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு மிஞ்சும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அவனே வந்தானா? பக்கத்தில் இருந்துவிட்டு, வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் போனானா? இத்தனை வருடம் காத்திருந்ததற்கு இதுதானா கூலி?

வழியில் மனம் வேறு பக்கம் திரும்பியது. தம்பியின் கையெழுத்தை அண்ணனைத் தவிர வேறு யாரால் போட முடியும்? பதறியது எல்லாம் நடிப்பு. வீதிக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டார். கந்தோரில் வாங்கிய தாளின் பிரதியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சிற்றம்பலத்தின் முகத்தில் இரத்தம் இல்லை. "நான் வைக்கேல்லைப் பிள்ளை... சத்தியமாய்... அவன் எப்பிடி..."

"நம்பவைச்சுக் கழுத்தறுத்திட்டியள் அத்தான்!" வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டு வந்தாள்.

கையெழுத்து ஒத்துப்போனதால் கந்தோரில் அவள் ஆட்சேபனையை ஏற்கவில்லை; புரட்டாதியில் வீட்டை இடித்தார்கள். மதகு கட்டுவதற்காக அதே இடத்தில் ஆழமாகக் கிடங்கு வெட்டினார்கள். காலை 10.20க்கு மெசின் நின்றது. ஆறடி ஆழத்தில் எலும்புகள். பொலித்தீன் பையில் சுற்றிய ஓர் அடையாள அட்டையும் கிடைத்தது.

யோகலிங்கம்.

ட்ரக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் அந்த வளவை விட்டுப் போகவே இல்லை. கிடங்கு வெட்டிய இடம் அவளுடைய படுக்கையறை. அத்தனை இரவும் அவனுக்கு மேலேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள்.

பின்னேரம் பொலிஸார் போனபோது சிற்றம்பலத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு அந்த இடத்தைத் தெரிவு செய்தது யார் என்று பொலிஸார் சுகந்தினியிடம் கேட்டார்கள். போரில் இடிந்த பழைய வீட்டுக்குப் பதிலாக 2012இல் வீட்டுத்திட்டம் கிடைத்தபோது, கிணற்றடியில்தான் கட்ட வேண்டும் என்று அவள் அழுதாள். அதைக் காதிலேயே விழுத்தாமல், "இஞ்சைதான் வரவேணும்" என்று தன் கையாலேயே நாலு மூலைக்கும் முளை அடித்தவர் சிற்றம்பலம்.