கேட்டில் ஓர் இழுப்பு

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இருளாண்டி சித்தப்பாவுக்குக் கேட்டில் வேலை. வேனிலிருந்து இறங்கும் ஆண்களிடம் பீடி, தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் தடவிப் பார்ப்பதில்லை. மடியைப் பிடித்து ஓர் இழுப்பு. ஒன்றுமில்லாதவன் விட்டுக்கொடுப்பான். எதையாவது ஒளித்தவன் இறுக்கிப் பிடிப்பான். இறுக்கியவன் வெளியே.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் நோய் எதிர்ப்புச் செல்களை ஆராய்கிறேன். ரத்தத்தில் டி செல் என்று ஒன்று உண்டு. வழியில் காணும் செல்லையெல்லாம் தொட்டு, மெல்ல இழுத்துப் பார்க்கும். நல்ல செல் என்றால் பிடி சட்டென்று விட்டுப்போகும். கிருமி புகுந்த செல், கிருமியின் துணுக்கை மேலே தாங்கி நிற்கும். அதை இழுத்தால் பிடி இன்னும் இறுகும். எவ்வளவு நேரம் இறுகி நிற்கிறது என்பதை வைத்தே டி செல் முடிவெடுக்கும். அந்த இழுவிசையை அளப்பது என் வேலை. சித்தப்பாவிடம் இதை விளக்கினேன்.

"அந்தச் செல்லுக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டாலே?"

"கெடையாது சித்தப்பா."

"பாவம்."

சீசன் நேரம் என்பதால் அவருக்கும் லீவு இல்லை. அவர் மகள் இசைவாணியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த கோட்டைச்சாமி, முடிவு பேசக் கம்பெனிக்கே வந்தார். திருத்தங்கல்லில் தீப்பெட்டிக் கம்பெனி மேஸ்திரி. நான்தான் பைக்கில் கூட்டிவந்தேன். இசைவாணிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அது சித்தப்பாவுக்கும் தெரியும்.

"வாங்க சம்பந்தி" என்று கும்பிட்ட கையாலேயே சித்தப்பா அவர் மடியை இழுத்தார்.

கோட்டைச்சாமி இறுக்கிப் பிடித்தார். வேனில் வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"சம்பந்தி, வெளிய நில்லுங்க."

"புது வேட்டிய்யா! அவுந்துருமோன்னு புடிச்சேன்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒன் செல்லு ஒத்த இழுப்புல முடிவு கட்டிருமா?"

"இல்ல சித்தப்பா. திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கும்."

இழுத்தார். விடவில்லை. மறுபடி இழுத்தார். மடியிலிருந்து இரண்டு தீப்பெட்டிகள் விழுந்தன.

"எங்க கம்பெனி புது லேபிளு. பொண்ணு வீட்டுக்காரரப் பாக்க வெறுங்கையோடயா வருவாக?" என்றார் கோட்டைச்சாமி.

சித்தப்பா கேட்டைச் சாத்தினார்.

கோட்டைச்சாமியை மறுபடி பைக்கில் ஏற்றினேன். இசைவாணியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். திருத்தங்கல்லில் இறங்கியவர், "வெள்ளிக்கெழம நிச்சயத்த வச்சுக்கிடுவோம். ஆனா மண்டப வாசல்ல அந்தாள நிறுத்தப்பிடாது" என்றார்.

அப்படியே செய்தோம். சித்தப்பாவைப் பந்திக்கு அனுப்பிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நான் நின்றேன். கோட்டைச்சாமி வந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினார்.